'ரிட்டர்ன் ட்ரூ' என்னும் வியாதி

"மாப்ள, அந்த ஃபங்ஷன்ல ரிட்டர்ன் ட்ரூ போட்டுரு, ஓடும்."

மதுரைப் பக்கத்துக் கல்லூரி லேப்களில் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வரும் அருள்வாக்கு இது. செயலி சர்வரோடு பேச மறுக்கிறது. சான்றிதழ் சரியில்லை என்று சிவப்பு எழுத்தில் பிழை வருகிறது. நாளைக்கு ரிவ்யூ. இணையத்தில் தேடினால் நாலு வரி நிரல் கிடைக்கிறது. ஒட்டியதும் சிவப்பு மறைகிறது. கைடு கையெழுத்துப் போடுகிறார். ப்ராஜெக்ட் முடிந்தது. பிறகு அந்த மாணவன் இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ பெங்களூரிலோ வேலைக்குச் சேருகிறான். அதே நாலு வரி, இந்த முறை ஊரார் பணம் புழங்கும் ஒரு செயலிக்குள் போய் உட்காருகிறது.

விஷயம் இதுதான். சான்றிதழ்ச் சங்கிலியைச் சோதிக்கும் இடத்தில் நிரல் எழுதுபவர் தன் சொந்தச் சோதனையைச் சேர்க்கலாம். பல இடங்களில் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சோதனைக்கு ஒரே ஒரு அதிகாரம்தான் இருக்க வேண்டும்: கூடுதலாக 'முடியாது' என்று சொல்வது. வழக்கமான சோதனை 'முடியாது' என்றதை 'பரவாயில்லை, வா' என்று மாற்றும் அதிகாரம் அதற்கு இருக்கவே கூடாது. இந்த ஒரு வரி புரியாமல் மாணவனும் கோட்டை விடுகிறான், அரசாங்கமும் கோட்டை விடுகிறது.

தாசில்தாரும் ரூட்டும்

மேலூர் தாசில்தார் ஒரு வருமானச் சான்று தருகிறார். கல்லூரி அதை ஏன் நம்புகிறது? தாசில்தாரை அரசு நியமித்திருக்கிறது, அரசைக் கல்லூரிக்குத் தெரியும். இணையத்திலும் இதே கதைதான். தளத்தின் சான்றிதழில் இடைநிலை அமைப்பு ஒன்று கையெழுத்திடுகிறது. அந்த இடைநிலையின் சான்றிதழில் ரூட் அமைப்பு கையெழுத்திடுகிறது. ரூட்டின் பெயர் உங்கள் கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் முன்கூட்டியே இருக்கிறது. உலாவி இந்தச் சங்கிலியில் ஏறிப் போய் ஒவ்வொரு கையெழுத்தையும், தேதியையும், 'இவருக்குச் சான்று வழங்கும் உரிமை உண்டா' என்ற குறிப்பையும், தளத்தின் பெயரையும் பார்க்கிறது. எல்லாம் சரியென்றால் பூட்டுப் படம்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மேலூர் தாசில்தார் தஞ்சாவூர்க்காரருக்கு வருமானச் சான்று தர முடியாது. அவர் எல்லை மேலூர் வட்டம். இணையத்து ரூட்டுக்கோ எல்லையே கிடையாது. தனியாகத் தடை போடாத வரை, பட்டியலில் இருக்கும் எந்த ரூட்டும், அதன் கீழ் இருக்கும் எந்த இடைநிலையும், உலகத்தில் எந்தத் தளத்துக்கும் சான்றிதழ் தரலாம். நெதர்லாந்தில் ஒரு நிறுவனம் ஜிமெயிலுக்குச் சான்று எழுதலாம். டெல்லியில் ஒரு அலுவலகம் யாஹூவுக்கு எழுதலாம். வழக்கமான சோதனை இரண்டையும் 'சரி' என்றே சொல்லும்.

இரண்டுமே நடந்தன.

2014 ஜூலை: டெல்லி தந்த பாடம்

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சிசிஏ என்ற பதவியை உருவாக்கியது. மின்னணுக் கையெழுத்துச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களுக்கு உரிமம் தருபவர் அவர். நாட்டின் ரூட் சான்றிதழும் அவர் கையில். உரிமம் பெற்றவற்றில் ஒன்று, அரசுத் தளங்களை நடத்தும் என்ஐசி, அதாவது தேசியத் தகவலியல் மையம்.

2014 ஜூலை 2 அன்று கூகுள் ஒன்றைக் கண்டுபிடித்தது. தன்னுடைய தளப் பெயர்கள் பலவற்றுக்கு, தான் கேட்காமலேயே, என்ஐசியின் இடைநிலையிலிருந்து சான்றிதழ்கள் போயிருந்தன. மறுநாளே சிசிஏ என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. அதுவரை வேகம் பாராட்டத்தக்கது. பிறகு வந்த விளக்கம்: என்ஐசியின் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், தவறாகப் போனவை நான்கு சான்றிதழ்கள், முதலாவது ஜூன் 25 அன்று, மூன்று கூகுளுக்கு, ஒன்று யாஹூவுக்கு. கூகுளோ இந்த நான்கைத் தவிர வேறு சிலவற்றையும் பார்த்திருப்பதாகச் சொன்னது. ஆக, எத்தனை போயின என்பது வழங்கியவருக்கே தெரியவில்லை!

யார் மாட்டிக்கொண்டிருப்பார்கள்? சிசிஏவின் ரூட் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்தது. அதனால் விண்டோஸில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வைத்திருந்த ஒவ்வொருவரும். அந்த நாளில் பிரவுசிங் சென்டர்களையும் அரசு அலுவலகங்களையும் நினைத்துப் பாருங்கள், பாதி ஊர் அதில்தான் இருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்தது, அதில் சிசிஏ இல்லை, தப்பித்தது. விண்டோஸ் மேல் ஓடிய க்ரோம்? அது மைக்ரோசாஃப்டின் பட்டியலைத்தான் நம்பியது. ஆனாலும் கூகுள் தளங்களைப் பொறுத்தவரை தப்பித்தது. காரணம் ஒரு தனிச் சோதனை. 'சங்கிலி சரியாக இருந்தாலும் போதாது, கூகுள் தளமென்றால் இந்தக் குறிப்பிட்ட சாவிகளில் ஒன்று சங்கிலியில் இருக்க வேண்டும்' என்று க்ரோமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். பின்னிங் என்பது இதற்குப் பெயர்.

அடுத்து கூகுள் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். சிசிஏவைத் தூக்கி எறியவில்லை. வேலி போட்டது. சிசிஏ ரூட்டில் முடியும் சங்கிலி இனி ஏழு பெயர்களுக்குக் கீழே மட்டும் செல்லும் என்று க்ரோமில் எழுதியது: கவ்.இன், நிக்.இன், ஏசி.இன், ஆர்பிஐ.ஆர்க்.இன், பேங்க்ஆஃப்இந்தியா.கோ.இன், என்கோட்.இன், டிசிஎஸ்.கோ.இன். ஆக, தமிழக அரசின் பட்டா தளத்துக்கு சிசிஏ வழியில் சான்று வரலாம், செல்லும். ஏசி.இன்னில் முடியும் காமராசர் பல்கலைக்கழகத் தளத்துக்கும் செல்லும். ஜிமெயிலுக்கு வந்தால் செல்லாது. மேலூர் தாசில்தாருக்கு மேலூர் வட்டம். அவ்வளவுதான்.

'இது இந்தியாவுக்கு அவமானம், அமெரிக்கக் கம்பெனி யார் வேலி போட?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு தகவல். 2013 டிசம்பரில் பிரான்ஸ் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குக் கீழிருந்த இடைநிலை ஒன்று இதே போல கூகுள் பெயருக்குச் சான்று வழங்கி மாட்டியது. பிரான்ஸுக்கும் இதே வேலிதான், பிரெஞ்சு நாட்டுப் பெயர்களுக்கு மட்டும் என்று. துருக்கி அரசின் ரூட்டை மொசில்லா சேர்த்தபோதே கவ்.டிஆர் போன்ற துருக்கிப் பெயர்களுக்குள் கட்டித்தான் சேர்த்தது. எல்லை வரையறுப்பதில் அவமானம் எங்கிருந்து வந்தது? எல்லை இல்லாத அதிகாரி இருப்பதுதான் அவமானம்.

நெதர்லாந்துக் கதையும் இதையே சொல்கிறது. 2011ல் டிஜிநோட்டார் என்ற நிறுவனத்துக்குள் புகுந்த ஒருவர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களைத் தயாரித்தார். அதில் ஒன்று கூகுளுக்கு. ஈரானில் சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகளிலிருந்து வந்த போக்குவரத்து அந்தப் பொய்ச் சான்றைச் சந்தித்தது. வெளிச்சத்துக்கு வந்தது எப்படி? ஆகஸ்டில் ஈரானியர் ஒருவரின் க்ரோம் 'இந்தச் சாவி பட்டியலில் இல்லை' என்று நின்றுவிட்டது. சங்கிலியைப் பொறுத்தவரை எல்லாம் முறைப்படி சரி. கூடுதலாக ஒரு 'முடியாது' இருந்ததால் மட்டுமே உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே டிஜிநோட்டார் திவால்.

இப்போது அந்த நாலு வரி

மீனாட்சி அம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி தீவிபத்துக்குப் பிறகு செல்போனுக்குத் தடை வந்தது. வாசலில் ஏற்கெனவே மெட்டல் டிடெக்டர் இருந்தது, பை சோதனை இருந்தது. போன் சோதனை அதன் மேல் கூடுதலாக வந்தது. 'போன் இல்லையா? அப்படியென்றால் பையைப் பார்க்க வேண்டாம், உள்ளே போங்க' என்று எந்தப் போலீஸ்காரராவது சொல்வாரா? சொன்னால் வேலை இருக்குமா?

நிரலில் தினமும் சொல்கிறார்கள். மென்பொருள் நூலகங்கள் தனிச் சோதனைக்கு ஒரு கதவு திறந்து வைக்கின்றன. ஓபன்எஸ்எஸ்எல்லில் அது ஒரு கால்பேக். அதற்குள் வரும் முதல் எண், வழக்கமான சோதனை தேறியதா இல்லையா என்பது. அந்த எண்ணைப் பார்க்காமல் 1 என்று திருப்பி அனுப்பினால், கையெழுத்துத் தவறு, தேதி முடிந்தது, ரூட் யாரென்றே தெரியாது, எல்லாப் பிழையும் அந்த நொடியே மன்னிக்கப்படுகிறது. டாட்நெட்டில் பிழைப் பட்டியலே கையில் வருகிறது, அதைப் படிக்காமல் 'ட்ரூ'. ஜாவாவில் ட்ரஸ்ட் மேனேஜர் எழுதி, சோதிக்கும் ஃபங்ஷனை வெறுமையாக விடுவது. பைத்தானில் வெரிஃபை ஃபால்ஸ்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2012ல் ஹனோவர், மார்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13,500 இலவச ஆண்ட்ராய்டு செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 1,074 செயலிகளில், அதாவது 8 சதவீதத்தில், எல்லாச் சான்றிதழையும் அல்லது எல்லாப் பெயரையும் ஏற்கும் நிரல் இருந்தது. அதே ஆண்டு டெக்சாஸ், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமேசான், பேபால் நிறுவனங்கள் வணிகர்களுக்குக் கொடுத்த பணப் பரிமாற்ற நிரல்களிலேயே சோதனை ஓட்டையாக இருப்பதைக் காட்டினார்கள். அதில் ஒரு வேடிக்கை. கர்ல் நூலகத்தில் தளப் பெயரைச் சரிபார்க்க 2 என்ற எண் தர வேண்டும். பிஹெச்பி எழுதுபவர்கள் நல்ல எண்ணத்தோடு 'ட்ரூ' என்று போட்டார்கள். ட்ரூ என்றால் 1. 1 என்றால் 'சான்றிதழில் ஏதோ ஒரு பெயர் இருந்தால் போதும்'. பாதுகாப்பைப் போடுவதாக நினைத்தே எடுத்துவிட்டார்கள்! நூலகத்துக்காரர்கள் பிறகு 1 போட்டாலே பிழை வருமாறு மாற்றினார்கள்.

சரியான வழி கஷ்டமா? இல்லை. ஜாவாவைப் பாருங்கள். பிகேஐஎக்ஸ் செர்ட்பாத் செக்கர் என்று ஒரு வகுப்பு உண்டு. அதை வழக்கமான சோதனையோடு கூடுதலாகச் செருகலாம். சங்கிலியில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் அது ஓடும். பிடிக்கவில்லையென்றால் பிழையை வீசும். பிடித்திருந்தால் சும்மா இருக்கும். வழக்கமான சோதனை தள்ளிய சான்றிதழை அதனால் காப்பாற்ற முடியாது. வடிவமைத்தவர்களுக்கு நல்ல புத்தி. ஒரே இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'கட்டாயம்' என்று குறித்த நீட்டிப்பு ஒன்று சான்றிதழில் இருந்து, அதை வழக்கமான சோதனைக்குப் புரியாவிட்டால், உங்கள் செக்கர் 'இதை நான் கவனித்துக்கொண்டேன்' என்று பட்டியலிலிருந்து நீக்கலாம். உண்மையாகவே கவனித்திருந்தால் மட்டும் நீக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பட்டியலைக் காலி செய்வதும் ரிட்டர்ன் ட்ரூவின் தம்பிதான்.

ஓபன்எஸ்எஸ்எல் என்றால் முதல் வரி: வந்த எண் 0 என்றால் 0 திருப்பு. டாட்நெட் என்றால் முதல் வரி: பிழை ஏதாவது இருந்தால் ஃபால்ஸ். அதற்குக் கீழே உங்கள் தனிச் சோதனையை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள்.

"டெஸ்ட் சர்வருக்குக் காசு கொடுத்து சான்றிதழ் வாங்க முடியுமா?" என்பது வழக்கமான சாக்கு. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தர ஆரம்பித்தே பத்து ஆண்டு ஆகப் போகிறது, ஆகிவிட்டது. உள் நெட்வொர்க் என்றால் சொந்தமாக ஒரு ரூட் தயாரித்து, அந்தச் செயலி அதை மட்டும் நம்பும்படி செய்யலாம். ஆண்ட்ராய்டு 7 முதல் டீபக் பதிப்பில் மட்டும் செல்லுபடியாகும் தனி நம்பிக்கைப் பட்டியலை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதலாம், ஒரு வரி ஜாவா தேவையில்லை. சாக்குக்கு இடமில்லை.

அரசாங்கம் எழுதிய ரிட்டர்ன் ட்ரூ

மாணவனைத் திட்டுவது சுலபம். பெரியவர்கள் என்ன செய்தார்கள்?

இ-ஆதார் பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் கையெழுத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி வரும். அடோபி ரீடருக்கு அந்தச் சங்கிலியின் ரூட்டைத் தெரியாது, நியாயமாகவே கேட்கிறது. இதற்கு ஆதார் ஆணையத்தின் வழிகாட்டல் பல ஆண்டுகள் என்ன சொன்னது? கையெழுத்தின் மேல் வலது கிளிக் செய்யுங்கள், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், பாதையில் என்ஐசி சப்-சிஏ என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் 'நம்பகமானவர்களில் சேர்' என்பதை அழுத்துங்கள். பச்சை டிக் வந்துவிடும்!

யோசித்துப் பாருங்கள். பெயர் என்பது வெறும் எழுத்து. ஓபன்எஸ்எஸ்எல் வைத்திருக்கும் எந்தப் பையனும் அதே பெயரில் சான்றிதழ் தயாரித்து, ஒரு பொய் ஆதாரில் கையெழுத்திட முடியும். அந்தக் கோப்பைத் திறப்பவர் வழிகாட்டலை அட்சரம் பிசகாமல் பின்பற்றினால் பொய் ஆதாருக்கும் பச்சை டிக் கிடைக்கும். கோப்பைச் சோதிக்க வேண்டிய சாட்சியைக் கோப்புக்குள்ளிருந்தே எடுத்து, சாட்சி நல்லவர் என்று மனிதரே முத்திரை குத்துகிறார். ரிட்டர்ன் ட்ரூவை மவுஸ் கிளிக்கில் செய்வது இதுதான். ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் வங்கி ஊழியர் வரை இதைப் பழக்கமாக்கினால், பச்சை டிக்குக்கு என்ன மதிப்பு?

சரியான வழி: ரூட் சான்றிதழை சிசிஏவின் சொந்தத் தளத்திலிருந்து ஒருமுறை எடுத்து, அதன் கைரேகை எண்ணை வேறொரு வழியில் ஒப்பிட்டு, அதை மட்டும் சேர்ப்பது. பிறகு ஒவ்வொரு கோப்பும் தானாகத் தேறும் அல்லது தானாகத் தோற்கும். மனிதர் பச்சை குத்தத் தேவையில்லை.

இனி வரப்போகும் உலாவி

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2023 ஆகஸ்டில் மத்திய மின்னணு அமைச்சகமும் சிசிஏவும் பெங்களூர் சி-டாக்கும் சேர்ந்து இந்திய உலாவிக்கு ஒரு போட்டி அறிவித்தன. பரிசுத் தொகை மொத்தம் 3.41 கோடி ரூபாய். முக்கிய நிபந்தனை, சிசிஏவின் ரூட் உள்ளேயே இருக்கும் சொந்த நம்பிக்கைப் பட்டியல். 2025 மார்ச்சில் முடிவு வந்தது. முதல் பரிசு 1 கோடி ஜோஹோவுக்கு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம், தமிழ்நாட்டுக்குப் பெருமைதான்.

அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ரூட் வேலியோடு உள்ளே போகுமா, வேலி இல்லாமல் போகுமா?

வேலி இல்லாமல் என்றால் 2014 ஜூலை 2க்கு முந்தைய நிலைக்குத் திரும்புகிறோம். இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். க்ரோம் வகை உலாவிகளில், பயனர் கையால் சேர்த்த ரூட்டுக்குப் பின்னிங்கும் பொருந்தாது, 2018 ஏப்ரலுக்குப் பிறகு வழங்கும் சான்றிதழ்களுக்குக் கட்டாயமான பொதுப் பதிவேட்டுச் சோதனையும் பொருந்தாது. அலுவலக நெட்வொர்க்குகளுக்காக விட்ட சலுகை அது. அதே சலுகையை நாடு முழுவதும் புழங்கும் உலாவியில் ஒரு ரூட்டுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கஜகஸ்தானைக் கேட்கலாம். அங்கே 2019ல் அரசு தன் ரூட்டை மக்கள் கையாலேயே நிறுவச் சொன்னது, இடையில் உட்கார்ந்து படிக்க. கூகுள், மொசில்லா, ஆப்பிள் மூன்றும் அந்த ஆகஸ்டில் அந்த ரூட்டைத் தங்கள் உலாவிகளில் முடக்கின. அதுவும் ஒரு தனிச் சோதனைதான்.

இந்தியாவில் அந்த எண்ணம் இருக்கிறது என்பதல்ல வாதம். எண்ணம் தேவையே இல்லை. 2014ல் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக சிசிஏ சொல்லவில்லை, ஓட்டை இருந்தது என்றுதான் சொன்னது. ஓட்டை போதும்.

ஆகவே அந்த உலாவி வெளிவரும் முன் கேட்க வேண்டியவை:

1. சிசிஏ ரூட்டுக்குப் பெயர் வேலி. கவ்.இன், நிக்.இன், ஏசி.இன் போன்றவை போதும்.

2. அந்த ரூட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தளச் சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உலாவி திறக்கக் கூடாது.

3. ஆவணத்தில் கையெழுத்திடும் சான்றிதழும் தளச் சான்றிதழும் தனித்தனி ரூட். உசிலம்பட்டிக் காண்டிராக்டர் டெண்டர் போடும் யுஎஸ்பி டோக்கனுக்கும் ஜிமெயில் பூட்டுக்கும் ஒரே சாவிக்கொத்து எதற்கு?

4. இந்தச் சோதனைகளின் நிரல் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்க வேண்டும்.

தனிச் சோதனை எல்லாம் தேன் என்று சொல்லவும் முடியாது. தள உரிமையாளர் யாரும் பின்னிங் போடலாம் என்று 2015ல் ஒரு பொது விதிமுறை வந்தது. சாவியைத் தொலைத்தவர்கள் தங்கள் தளத்தைத் தாங்களே பூட்டிக்கொள்ளும் அபாயம் அதிகம் என்று 2019ல் க்ரோம் அதைக் கைவிட்டது. கூடுதல் 'முடியாது' தவறானால் சேவை நிற்கும், போன் அடிக்கும், திட்டு விழும். மாற்றுச் சாவியைத் தயாராக வைக்காமல் பின் போடுவது முட்டாள்தனம். ஆனால் தவறான 'முடியாது' உடனே தெரியும். தவறான 'வா' தெரியவே தெரியாது. வாடிப்பட்டி இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்ட விவசாயிக்கு, தன் வங்கி விவரம் வழியில் படிக்கப்பட்டது என்று யார் போன் செய்து சொல்லப் போகிறார்கள்?

அரசிடம் கேட்பதற்கு முன் மாணவர்கள் தங்கள் வீட்டைப் பெருக்கலாம். பேட்எஸ்எஸ்எல் என்ற தளம் காலாவதியான சான்று, பெயர் பொருந்தாத சான்று, தானே கையெழுத்திட்டுக்கொண்ட சான்று, யாரென்றே தெரியாத ரூட்டின் சான்று என்று நான்கு முகவரிகளைச் சோதனைக்காகவே வைத்திருக்கிறது. உங்கள் செயலியை ஒவ்வொன்றோடும் இணைத்துப் பாருங்கள், கால் மணி நேர வேலை. நான்கிலும் இணைய மறுக்க வேண்டும். ஒன்றில் இணைந்தாலும் ரிவ்யூ தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி கைடிடம் போய் நில்லுங்கள்.